ஒரு பீடி நேரத்தில் ஒரு மைல்

என் கால்களைப் பற்றி முடிவெடுக்கக் கூடிய கூட்டத்தில் இருந்தவர்கள்: நைனா, அம்மா, லாடம் அடிக்கும் பாய், எங்கள் குதிரை. இல்லாதவன் நான் ஒருவன்தான். என்னைக் கொள்ளு வாங்கிவர அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. வாங்கி வந்த கொள்ளில் பாதி எனக்கு என்றார்கள்.

நைனா மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் ஜட்கா ஓட்டுபவர். அவருடைய நைனாவும் அதே தொழில்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். மற்றவர்கள் பள்ளிக்கூட வாசல்வரை சவாரி கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பள்ளி இறுதிப் பரீட்சை தேறி, ஓர் அரசாங்க இலாகாவின் எழுத்துப் பரீட்சையும் தேறியிருந்தேன். இலாகாவின் பெயரை இங்கே எழுதுவது மரியாதையாகாது. அங்கிருந்து வந்த கடிதத்தை வீட்டில் மூன்று முறை வாசித்துக் காட்டினேன். மூன்று மாதத்தில் தேகப் பரீட்சை. ஒரு மைலை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். ஓடினால் உத்தியோகம்.

ஓடாவிட்டால் என்ன என்று கடிதத்தில் இல்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜட்காவின் முன்பலகையில் நைனாவின் இடம் எனக்காகக் காத்திருந்தது. அங்கே நான் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் அவர் இத்தனை வருஷம் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினார்.

"படிப்புன்னா நமக்கு இன்னா தெரியும்? கம்முனு இருந்தேன். ஓட்டம்னு எயுதிக்கீறான் பாரு, அது நம்ம தொயிலு" என்றார் நைனா. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

பாய் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, என் வலது பாதத்தைப் பின்னால் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, சுத்தியலின் கட்டைப் பக்கத்தால் உள்ளங்காலை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பாதம் நல்லாத்தான் கீது, அண்ணாத்தே. ஆனா ஒண்ணு. இதுக்குப் பின்னங்காலு ரெண்டுதான். முன்னங்காலு சும்மா தொங்கிக்கினு கீது."

"அது கை, பாய்" என்றாள் அம்மா.

"கைதாம்மா. இவன் பேனா புடிச்சிப் புடிச்சி அதுல ஜீவனே இல்ல."

பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார் எந்தச் சோதனையானாலும் நோக்கம், கண்டது, முடிவு என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லியிருந்தார். நானும் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். எந்த இடத்தில் ஓடினால் உடம்பு எப்படி இருக்கிறது, மனம் எப்படி இருக்கிறது, கவனம் எங்கே போகிறது என்று தினமும் எழுதி, எனக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே பழகுவது என்று தீர்மானித்தேன். இப்படி ஒரு காரியத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை. மயிலாப்பூரிலும் யாரும் செய்ததில்லை என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

மாட வீதிகளில் ஓட ஆரம்பித்தேன். வீதி அகலம், தரை கெட்டி, வெயில் ஏறவில்லை. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நாளில் ஒருவன் வீதியில் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். திருடியிருக்க வேண்டும், இல்லையென்றால் திருடனைத் துரத்த வேண்டும், மருத்துவச்சியைக் கூப்பிடப் போக வேண்டும், அதுவும் இல்லையென்றால் யாரோ போய்விட்டார்கள். என் முன்னால் யாரும் ஓடவில்லை, பின்னாலும் யாரும் ஓடவில்லை. ஆகவே யாரோ போய்விட்டார்கள்.

வடக்கு மாட வீதியில் ஒருவர் காபி டம்ளரோடு எழுந்து, "யாருடா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு ஓடினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்தார். அடுத்த திருப்பத்தில் மூன்று பேர் சேர்ந்தார்கள். தெற்கு மாட வீதியில் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவர் நான்கு நாளாக ஜுரத்தில் படுத்திருந்தார். நான் அந்த வீதிக்குள் திரும்பினேன், அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் அவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டார்கள். இரண்டு பெண்கள் அழவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

பென்ஷன்காரர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "யாரு போய்ட்டா?"

காபிக்காரர், "நீங்கதான்னு..." என்று இழுத்தார்.

"நானா? எப்போ? ஆத்துல யாரும் எங்கிட்ட சொல்லலையே!"

அப்போது நான் அடுத்த சுற்றை முடித்துக்கொண்டு மறுபடி அங்கே வந்து சேர்ந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பென்ஷன்காரர் நைனாவின் வாடிக்கைச் சவாரி. என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஏழு நிமிஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருடைய ஜுரமே குறைந்ததுபோல் இருந்தது. "ரூல்னு ஒண்ணு இருக்குன்னா அதை நான் பார்க்கணும். லெட்டரை எடுத்துண்டு வா" என்றார்.

அன்று நோட்டில் எழுதினேன்: 'மாட வீதி. உடம்பு நன்று. மனம் வெட்கம். கவனம் முழுவதும் ஜன்னல்களில்.'

அம்மா ஒரு யோசனை செய்தாள். "ஓடறதுக்கு ஒரு காரணத்தைக் கையில புடிச்சிக்கினு ஓடேன்" என்று காலி மருந்து சீசா ஒன்றில் சீரகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அது அற்புதமாக வேலை செய்தது. "மருந்துடா, வழி விடு, வழி விடு!" என்று ஜனங்கள் விலகினார்கள். மாடுகளைக்கூட விலக்கினார்கள். நானும் யாரையோ காப்பாற்றப் போகிறவன்போல் நெஞ்சை நிமிர்த்தி ஓடினேன். முதல் சுற்று மட்டும்தான் அப்படி. இரண்டாவது சுற்றில், "இன்னும் கொண்டு குடுக்கலையா, பாவி!" என்று பூக்காரி கத்தினாள். மூன்றாவது சுற்றில் சீசாவைப் பிடுங்கிக்கொண்டு, நோயாளி யார், எந்த வீடு என்று விசாரித்தார்கள்.

மாட வீதியை விட்டேன். ஆனால் போகுமுன் நேரத்தைக் கணக்கிட ஒரு வழி தேவைப்பட்டது. எங்களிடம் கடிகாரம் இல்லை. பென்ஷன்காரரிடம் வெள்ளிச் சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரம் ஒன்று இருந்தது.

"கடிகாரத்தைத் தர மாட்டேன். நேரத்தை வேணா தரேன்" என்றார் அவர். நைனாவை வீதியின் எதிர்ப்புறம் நிற்கவைத்து, "உன் பீடியைப் பத்தவை. புகை இந்தப் பக்கம் வரப்படாது" என்றார். நைனா பற்றவைத்தார். பென்ஷன்காரர் அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நெருப்பு பீடியில் கட்டிய நூலைத் தொட்டதும் நைனா கையைத் தூக்கினார்.

"ஏழு நிமிஷம். கச்சிதம். எழுதிக்கோ."

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஏழு நிமிஷம் என்பதற்கு ஒரு பீடி என்று பெயர். நான் கிளம்பும்போது நைனா பற்றவைப்பார். நெருப்பு நூலுக்கு வருமுன் நான் வந்து சேர வேண்டும். வந்ததும் அணைத்து மிச்சத்தைக் காதில் செருகிக்கொள்வார்.

கடற்கரையை முயன்று பார்த்தேன். பட்டினப்பாக்கம் குப்பத்திலிருந்து வடக்கே மணலில் ஓடினேன். மணல் ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடித்துக்கொண்டு, யோசித்துவிட்டு விட்டது. அதைவிடக் கஷ்டம், கடல் கூடவே வந்தது. தெருவில் வீடுகள் பின்னால் போகும். கடல் எவ்வளவு ஓடினாலும் அதே இடத்தில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதற்குள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஆறேழு பேர் என் கூடவே ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"எந்த மரம்? எந்த மரம் கவுந்துச்சி?"

எந்தக் கட்டுமரமும் கவிழவில்லை என்று நின்று சொன்னேன். அவர்களில் பெரியவர் ஒருவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இன்னாத்துக்கு ஓடன?"

"சும்மாதான் அண்ணே. பழகறதுக்கு."

"சும்மாவா! தம்பி, காலு சும்மா போவுதேன்னு வருத்தமா கீது. இந்தா, இந்தக் கயித்தப் புடிச்சிக்கினு ஓடு."

வலைக் கயிற்றைத் தோளில் போட்டுவிட்டார்கள். அன்று காலை முழுக்க இழுத்தேன். கூலியாக ஒரு கை காரப்பொடி மீன் கிடைத்தது. ஓடுவதற்குக் கடற்கரையைப்போல நல்ல இடம் வேறில்லை என்று அம்மா அபிப்பிராயப்பட்டாள்.

அடுத்தது அடையாறு. பாலத்தைத் தாண்டி ஆற்றோரமாக ஓடினேன். கடலிலிருந்து காற்று நேரே வந்து சட்டைக்குள் புகுந்தது. கொக்குகள் இருந்தன. ஆளில்லை, கேள்வியில்லை. என் கால்கள் எனக்கே தெரியாமல் ஓடின. வாயில் பாட்டு வந்தது. ஆனால் வந்து சேர்ந்தபோது நைனா சோகமாக நின்றுகொண்டிருந்தார். பீடியில் நெருப்பு நூலைத் தாண்டிவிட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் அப்படியே.

மாம்பலத்துக்குப் போனோம். அங்கே ஏரியைத் தூர்த்துப் புதிதாகத் தெருக்கள் போட்டிருந்தார்கள். தெருக்கள் இருந்தன, வீடுகள் பாதிக்குமேல் இல்லை. எல்லைக்கல் நட்ட மனைகள், நேர்கோடான மண் ரோடு, அசையாத காற்று. நான் அங்கே ஓடியதுபோல் துக்கமாக எங்கும் ஓடியதில்லை. ஒவ்வோர் எலும்பும் தனித்தனியாக வலித்தது. வந்து சேர்ந்தால் நைனா கையில் பீடி இன்னும் விரற்கடை அளவு பாக்கி!

நோட்டில் மனசாட்சிப்படி முடிவை எழுதினேன்: 'மனிதன் சந்தோஷமாக இருந்தால் மெதுவாக ஓடுகிறான். துக்கமாக இருந்தால் வேகமாக ஓடுகிறான்.'

நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அதை அப்படியே நம்பினார். நான் எழுதியதை அவர் நம்பாமல் இருந்ததே இல்லை. அன்றிலிருந்து ஓட்டத்துக்கு முன்னால் என்னை ஜட்காவின் படியில் உட்காரவைத்துத் துக்கப்படுத்த ஆரம்பித்தார். "உனக்கு உத்தியோகம் கெடைக்காதுடா." அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். போதவில்லை என்று தோன்றினால், தன் சின்ன வயதில் காலுடைந்து செத்த ஒரு வெள்ளைக் குதிரையின் கதையைச் சொல்வார். எனக்குக் கண் கலங்கும். அவருக்கு என்னைவிட அதிகமாகக் கலங்கும். "ஓடு, ஓடு" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே பீடியைப் பற்றவைப்பார்.

மாம்பலத்தில் வேறொரு தொல்லையும் இருந்தது. பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் கண் எதையாவது தேடிக்கொள்கிறது. நான் எல்லைக்கற்களை எண்ண ஆரம்பித்தேன். எண்ணினால் வேகம் குறைந்தது. சில நாள் நின்றே எண்ணினேன். நைனா இதைத் தூரத்திலிருந்து கவனித்தார்.

"காலு ஓடல. கண்ணுதான் ஓடிக்கினு கீது" என்றார். இதற்கு அவர் தொழிலில் வைத்தியம் இருந்தது. பாயிடம் சொல்லி, குதிரைக்கு இரண்டு கண்ணோரமும் கட்டுகிற தோல் பட்டையைப்போலவே எனக்கு ஒன்று தைத்து வாங்கினார். அதைக் கட்டிக்கொண்டால் நேரே எதிரில் இருப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கூடவே, தனியாக ஓடினால் வேகம் தளர்கிறது என்று ஜட்காவை என் பக்கத்தில் ஓட்டிவந்தார். குதிரையும் நானும் ஒரே மாதிரிப் பட்டை கட்டிக்கொண்டு மாம்பலத்து ரோட்டில் ஜோடியாக ஓடினோம். குளம்புச் சத்தம் என்னைக் கயிறு போட்டு இழுப்பதுபோல் இழுத்தது. ரோட்டுக் கோடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அங்கே குதிரை நிற்கும், நானும் நிற்பேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

"பாய், நம்ம புள்ள குதிரையவிடப் பரவால்ல" என்றார் நைனா. பெற்றவர் வாயிலிருந்து வேறு புகழ்ச்சியை நான் கேட்டதில்லை. அதற்குமேல் எனக்குத் தேவையாகவும் இருக்கவில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா அடுப்பை விசிறிக்கொண்டே கேட்டாள். "ஏன்டா, அடையாத்துல காத்து ஜாஸ்தின்ற. காத்தடிச்சா அடுப்பு சீக்கிரம் எரியுது. பீடி எரியாதா?"

நானும் நைனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று மாலையே பென்ஷன்காரரைக் கடிகாரத்தோடு ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனோம். மாம்பலத்துப் பீடி எட்டரை நிமிஷம். அடையாற்றுப் பீடி ஏழு நிமிஷம்கூட இல்லை. காற்றைப் பொறுத்து ஆறு, ஆறே முக்கால். மயிலாப்பூர்ப் பீடி மட்டும்தான் ஏழு. சந்தோஷமாக ஓடிய நாட்களில் நான் வேகமாகவும் ஓடியிருக்கிறேன். துக்கத்தோடு ஓடியது துக்கத்துக்கேற்ற வேகம்தான். நோட்டில் இருபத்திரண்டு பக்கங்களை அடித்துவிட்டு, மூன்று இடத்துப் பீடிக் கணக்கையும் எழுதிவைத்தேன். வெள்ளைக் குதிரையின் கதை இனிமேல் வேண்டாம் என்று சொன்னபோது நைனாவின் முகம் கொஞ்சம் வாடியது.

பரீட்சை அடையாற்றுக்குத் தெற்கே ஒரு திடலில். சுண்ணாம்புக் கோடு போட்ட வட்டம். நான்கு சுற்று ஒரு மைல். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதில் தொப்பி போட்ட அதிகாரி, அவர் கையில் அமுக்கினால் ஓடி அமுக்கினால் நிற்கும் கடிகாரம். ஒவ்வொருவராக ஓடவிட்டார். நான் கடைசி. நைனா வேலி ஓரமாக ஜட்காவை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். வண்டிக்குள் பென்ஷன்காரர். அவர் ரூலைப் பார்க்க வந்திருந்தார். தோல் பட்டையை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மற்றவர்கள் முன்னால் கட்டிக்கொள்ள வெட்கம்.

விசில் ஊதியது. நைனா பழக்கதோஷத்தில் பீடியைப் பற்றவைத்தார்.

முதல் சுற்றில் நான் எல்லாவற்றையும் பார்த்தேன். மேஜையின் கால் ஒன்று ஆடுவதைப் பார்த்தேன். ஏற்கெனவே ஓடி முடித்தவர்கள் நாக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஒரு காக்கை என்னையே பார்ப்பதைப் பார்த்தேன். கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஒரு சுற்று முடியும்போதே இந்த உத்தியோகம் எனக்கில்லை என்று தெரிந்துவிட்டது. முன்பலகை ஞாபகம் வந்தது.

அப்போது பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது.

மாம்பலத்துக்குப் போனதிலிருந்து நான் ஓடினால் என் கூடவே ஓடுவதுதான் எங்கள் குதிரையின் வேலை. நான் ஓடுகிறேன், தான் நிற்கிறோம் என்பதை அது ஒரு சுற்றுவரைதான் பொறுத்தது. வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த இடைவெளியில் ஜட்காவோடு புகுந்து என் பக்கத்துக்கு வந்துவிட்டது. முன்பலகையில் யாருமில்லை. உள்ளே பென்ஷன்காரர் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துடா! ரூல்ல இது இல்லைடா!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. காக்கை மறைந்தது, மேஜை மறைந்தது. சத்தம் இழுத்தது, நான் போனேன். மேஜைப் பக்கம் வந்தபோது அதிகாரி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். பென்ஷன்காரரின் மடியிலிருந்து வெள்ளிச் சங்கிலி பறந்து போனதை ஓரக்கண்ணால் பார்த்தேன். மூன்றாம் சுற்றின் முடிவில் ஓட்டக்காரர்களுக்காக யாரோ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். குதிரை நின்றது. நானும் நின்றேன்.

"டேய்!" என்று வேலிப்பக்கமிருந்து நைனாவின் குரல் வந்தது. "அது குதிரைக்குடா! நீ போ!"

கடைசிச் சுற்றைத் தனியாக ஓடினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எதையும் பார்க்கவில்லை, எதையும் நினைக்கவில்லை. கோட்டைத் தாண்டி விழுந்தேன்.

நைனா இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஏன் குதிரையைப் பிடிக்கவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "ஓடியிருந்தா பீடி அணைஞ்சிருக்கும்டா" என்றார்.

அதிகாரி எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. குதிரை மேஜைப் பக்கம் வந்தபோது பயத்தில் விரல் அமுங்கி, கடிகாரம் இரண்டாம் சுற்றிலேயே நின்றுபோயிருந்தது.

"உன் நேரம் என்னவென்று யாருக்கும் தெரியாது" என்றார்.

"மறுபடியும் ஓடுகிறேன் சார்."

"ஒருவருக்கு ஒரே ஓட்டம். ரூல். நேரம் இல்லையென்றால் தேறவில்லை."

வண்டியிலிருந்து பென்ஷன்காரர் குடுமி அவிழ்ந்த கோலத்தில் இறங்கி வந்தார். ரூல் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியில்லாமல் எட்டப் பிடித்துப் படித்தார். "குதிரை கூடாதுன்னு இதுல எங்கேயும் இல்லை. கடிகாரத்தாலதான் அளக்கணும்னும் இல்லை. நேரம் நிச்சயமாகத் தெரியணும்னுதான் இருக்கு. நேரம் இருக்கு சார். அதோ அவன் காதுல."

நைனா காதிலிருந்து மிச்ச பீடியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஏழு நிமிஷத்துக்கு ஒரு பீடி என்ற கணக்கைப் பென்ஷன்காரர் இங்கிலீஷில் விளக்கினார். அதிகாரி பீடியைக் குனிந்து பார்த்தார்.

"நூல் கருகியிருக்கிறதே. உங்கள் கணக்குப்படியே ஏழு நிமிஷம் தாண்டிவிட்டது."

உண்மைதான். நெருப்பு நூலைத் தொட்டிருந்தது. நைனாவின் கை இறங்கியது. நான் தரையிலிருந்து எழுந்து, வண்டியிலிருந்த நோட்டை எடுத்துப் பிரித்து, அடிக்காத பக்கங்களில் ஒன்றைக் காட்டினேன்.

"சார், அது மயிலாப்பூர்ப் பீடி. இது அடையாற்றுப் பீடி. இங்கே காற்று அதிகம் சார். சீக்கிரம் எரியும்."

அதிகாரி என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கடைசியில், "அதே கட்டிலிருந்து ஒரு பீடி. அதே இடத்தில். அதே ஆள். இந்த அளவுவரை எரிய எவ்வளவு நேரமென்று நான் பார்க்கிறேன்" என்றார்.

நைனா அதே இடத்தில் போய் நின்றார். பீடியை வாயில் வைத்தார். எடுத்தார். அவர் பெரிய மனிதர் எதிரில் ஒருநாளும் பீடி பிடித்ததில்லை. சவாரி ஏறினாலே கைக்குள் மறைத்து அணைத்துவிடுவார். இங்கே ஒரு சர்க்கார் அதிகாரி நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து, அவர் குடிப்பதைப் பார்க்கவென்றே கடிகாரம் பிடித்திருந்தார். மூன்று குச்சி கிழித்தார். மூன்றையும் பீடிக்குக் கொண்டுபோகாமலே அணையவிட்டார்.

"எஜமான் எதிர்ல... ஆவலைங்க" என்றார்.

"குடியப்பா. அரசாங்க வேலை" என்றார் அதிகாரி.

பென்ஷன்காரர் தன் குடையை விரித்து நைனாவுக்கு முன்னால் பிடித்தார். "நீ அந்தப் பக்கம் இருந்துண்டு குடி. அவர் கண்ணுல படமாட்டே." இருபது வருஷமாகப் பீடி நாற்றத்துக்கு மூக்கை மூடியவர் அதைச் செய்தார். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"குடை வேண்டாம். காற்றை மறைக்கும். மாம்பலமாகிவிடும்."

குடை மடங்கியது. நைனா திக்கில்லாமல் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து தோல் பட்டையை எடுத்து, அவர் கண்ணோரங்களில் வைத்து, பின்னால் முடிச்சுப் போட்டேன். அதிகாரிக்குப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினேன். அவருக்கு நேரே ஆறு மட்டும் தெரிந்தது.

"இன்னா தெரியுது நைனா?"

"தண்ணி. ஒரு கொக்கு."

"அதையே பாரு."

குச்சி ஒரே கிழிப்பில் பற்றியது. நைனா ஆற்றைப் பார்த்தபடி, சவாரியில்லாத சாயங்காலத்தில் குடிப்பதுபோல, நிதானமாக இழுத்தார். மிக நிதானமாக. அவசரமில்லாத மனிதனின் பீடி மெதுவாகத்தான் எரியும் என்பதை நான் நோட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை. காற்று வந்தது, நின்றது, வந்தது. நாங்கள் எல்லோரும், குதிரை உட்பட, அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். நூலுக்கு ஒரு நெல் தூரம். அரை நெல். நூல் கருகியது. பென்ஷன்காரர் பழைய மிச்சத்தைப் பக்கத்தில் வைத்து அளந்து, "சரி!" என்றார். அதிகாரி அமுக்கினார்.

ஆறு நிமிஷம் ஐம்பத்தொரு விநாடி.

அவர் எழுதிக்கொண்டார். என் பெயருக்கு நேரே 'தேறினான்' என்று இங்கிலீஷில் எழுதியதைத் தலைகீழாக நானே படித்தேன். நைனாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இன்னும் கொக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயிடுச்சா?" என்றார். "அப்ப இதக் கய்ட்டு."

இன்று நான் அந்த இலாகாவில்தான் இருக்கிறேன். யாரும் என்னை ஓடச் சொல்வதில்லை; காலை முதல் மாலைவரை உட்கார்ந்திருக்கும் வேலை. முதல் மாதச் சம்பளத்தோடு, திடலில் வண்டிச்சக்கரம் உழுத தடத்தைச் சமப்படுத்த ஐந்து ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது. பென்ஷன்காரரின் கடிகாரத்துக்குக் கண்ணாடியும் ரிப்பேரும் மூன்று ரூபாய் நாலு அணா. வேலியில் இடித்த ஜட்காவின் ஏர்க்காலுக்கு ஒரு ரூபாய் மூன்று அணா. இவ்வளவையும் நான் எழுதிக் கூட்டியபோது நைனா குறுக்கிட்டு, ரெண்டாவது பீடி தனக்காகக் குடித்ததில்லை, சர்க்காருக்காகக் குடித்தது, அதையும் சேர் என்றார். சேர்த்தேன். ஆகமொத்தம் ஒன்பது ரூபாய், ஏழு அணா, ஒரு பை.